சிவந்துபோன கரம்பை

ஜெப்ஸி மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தாள். ஒன்று பாலித்தீன் பையில் ஒரு கைப்பிடி மண். இன்னொன்று அவள் இன்னும் கையெழுத்துப் போடாத மன்னிப்புக் கடிதம். மண் எங்கே எடுத்தது என்பது சந்தேகம். கடிதத்தில் சந்தேகமே இல்லை. பெயர் அவளுடையது, எழுதியது வேறு ஆள்.

வன்னியபெருமாள் கடிதத்தை விட்டுவிட்டு மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். அவர் இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் சரக்கு சர்வேயராக இருந்தவர். கப்பல் கிடங்குக்குள் இறங்கி, வந்திருப்பது நல்ல கோதுமையா, நனைந்த கோதுமையா, நனைந்ததை மறைக்கக் காயவைத்த கோதுமையா என்று மூக்கால் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். இப்போது அதே மூக்கை வைத்துக்கொண்டு வலைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். முன்பு பொய் சொன்னது சரக்கு, இப்போது சரக்கின் சொந்தக்காரன். மற்றபடி தொழில் ஒன்றுதான்.

"ஒரு வாசமும் இல்ல," என்றார், ஏமாந்த குரலில்.

"குளிச்சிட்டு வந்த மண்ணு போல," என்றாள் விஜிலா.

விஜிலா அவருடைய உதவியாளர். தோணிக்காரர் மகள். அலுவலகத்தின் மொத்த வாகனமான ஸ்கூட்டர் அவள் பெயரில் இருப்பதால், சம்பள நாள் தவிர மற்ற நாள்களில் முதலாளி யார் என்பதில் குழப்பம் உண்டு.

ஜெப்ஸி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்தது சரியான இடந்தானா என்ற யோசனை முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள். தென்கரை நீர் ஆய்வகத்தில் அவள் வேதியியல் பகுப்பாய்வாளர். மூன்று வாரத்துக்கு முன்பு கொக்கலாங்குளம் கிராமத்தில் முருகேஸ்வரி என்பவர் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தாள். லிட்டருக்கு இருநூற்று நாற்பது மைக்ரோகிராம் யுரேனியம். முப்பதைத் தாண்டக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே கிணற்றை அவளே சோதித்தபோது வெறும் எட்டு. உள்ளதை எழுதினாள். கிணற்றை மூடினார்கள். அந்த ஒரு கிணற்றிலிருந்துதான் அறுபது வீடுகளுக்குக் குழாய் போகிறது.

அதற்கப்புறந்தான் வேடிக்கை. யுரேனியம் வர அந்த ஊரில் ஒரே ஒரு வழிதான் உண்டு. தென்னாழி உரத் தொழிற்சாலை முப்பது வருஷமாகக் கழிவு நீரை ஊர்க் குளத்தில்தான் விட்டது. இப்போது ஆலையை மூடி, இடத்தைக் கன்டெய்னர் யார்டுக்கு விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மண்ணுக்குச் சான்று தர வேண்டியது இதே ஆய்வகம். உரத்துக்காகக் கப்பலில் வந்து இறங்கிய பாஸ்பேட் பாறையில் யுரேனியம் சிட்டிகையளவு எப்போதும் உண்டு. கப்பல் கப்பலாக இறங்கினால் சிட்டிகையும் மூட்டையாகும். ஆகவே குளத்து மண்ணைச் சோதித்தார்கள். சுத்தம். குளத்து நீரைச் சோதித்தார்கள். அதுவும் சுத்தம். குளம் சுத்தம் என்றால் கிணற்றில் எப்படி வரும்? ஜெப்ஸிதான் எதையோ கலந்திருக்க வேண்டும், தொழிற்சாலையை மிரட்டத்தான் கலந்திருக்க வேண்டும் என்று ஆய்வக முதலாளி சிவப்பிரகாஷ் முடிவு கட்டிவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்குள் 'தவறாகக் கணித்துவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் வேலை தப்பும். இல்லாவிட்டால் போலீஸ்.

"போட்டா நாளைக்குக் காலைல கிணத்தைத் திறந்திருவாங்க," என்றாள் ஜெப்ஸி. "அறுபது வீட்லயும் அதைத்தான் குடிப்பாங்க."

"குடிச்சா என்ன செய்யும்?"

"கிட்னி."

வன்னியபெருமாள் மண் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மண்ணை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பது அவள் சந்தேகம். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் பார்த்த குளத்துக் கரம்பை, அதாவது அடியில் படிந்த வண்டல், கன்னங்கரேல் என்று இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இதுவோ செங்கல் நிறம். ஆனால் சோதனைக்கு இதை எடுத்தபோது ஊர் நீர்நிலைப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் விஜயராஜ் பக்கத்தில் நின்றிருக்கிறார். போட்டோ இருக்கிறது, முத்திரை இருக்கிறது, தலைவருடைய சிரிப்பும் இருக்கிறது.

வன்னியபெருமாள் மண்ணை ஒரு தாளில் கொட்டிப் பரப்பினார். பல்லாங்குழி ஆடுகிறவர் போல ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நகத்தளவு நத்தை ஓடு இரண்டு. கோரை வேர் ஒரு இணுக்கு.

"குளத்து மண்ணுதான் இது," என்றார்.

"இந்தச் சிவப்புல எந்தக் குளம் அண்ணாச்சி இருக்கு? ஆதிச்சநல்லூர்ல தாழியைக் கவுத்து எடுத்தாங்களோ என்னவோ."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கறுப்பாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன, யுரேனியத்துக்கு நிறத்தில் என்ன அக்கறை என்று ஜெப்ஸியிடம் கேட்டார்.

"கறுப்புச் சேத்துல காத்து கிடையாது சார். காத்து இல்லாத இடத்துல யுரேனியம் கரையாது. அழுகின இலைதழையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திரும். நூறு வருஷம்னாலும் உக்காந்திருக்கும்."

"அரசாங்க ஆபீஸ்னு சொல்லுங்க," என்றாள் விஜிலா.

"காத்து பட்டா எந்திரிச்சிரும். கரைஞ்சு தண்ணியோட நடக்க ஆரம்பிச்சிரும்."

"அப்ப அரசாங்க ஆபீஸ் இல்ல."

ஜெப்ஸி சிரிக்கவில்லை. பையிலிருந்து மூன்று காலிப் போத்தல்களை எடுத்து வைத்தாள். மணி பதினொன்றரை. ஆய்வகத்துக்குத் திரும்பாவிட்டால் ஓடிவிட்டாள் என்பார்கள் என்று கிளம்பிப் போனாள்.

தருவைகுளம் சாலையில் உப்பளங்களைத் தாண்டி உள்ளே திரும்பினால் கொக்கலாங்குளம். குளம் என்று சொல்ல ஒரு மூலை மட்டுமே மிச்சம் இருந்தது. மற்ற முக்கால் பங்கைத் தூர் வாருகிறோம் என்று விஜயராஜின் சங்கம் தோசைக்கல் போல வழித்திருந்தது. மார்கழி மழைத் தண்ணீர் அதில் கணுக்கால் ஆழத்துக்கு நின்றது. மேற்கு மூலையில் மட்டும் கோரை ஆள் உயரத்துக்கு நின்றது. சேறு உள்வாங்கி ஜேசிபி இறங்க முடியாமல் விட்டுவிட்ட இடம்.

வன்னியபெருமாள் கரையில் நின்றுகொண்டார். விஜிலா இறங்கினாள். இந்த வேலைப் பிரிவினை அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து உள்ளது. இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று அவர் கைகாட்டிக்கொண்டே இருந்தார். நான்காவது 'இன்னும் கொஞ்சத்தில்' அவள் முழங்கால்வரை புதைந்தாள். பெரியாஸ்பத்திரிக் கழிப்பறைக் கதவைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம் குபீரென்று கிளம்பியது. கரையில் நின்ற வன்னியபெருமாள் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவர் தேடிய வாசம்.

அவள் ஒரு போத்தலில் சேற்றுக்கு மேலே நின்ற தண்ணீரை மொண்டுகொண்டாள். ஒரு கை சேற்றையும் அள்ளிக்கொண்டு கரையேறினாள். ஏறியவள் காலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, இறங்கும்போது இது வெள்ளிக் கொலுசு. இப்ப இரும்புக் கொலுசு."

"கந்தக நாத்தத்துல வெள்ளி கறுக்கத்தான் செய்யும். புளி போட்டு விளக்கு."

"புளி போட்டு விளக்குதேன். நீங்க இறங்கியிருந்தா எதைப் போட்டு விளக்குறது?"

கரையிலிருந்த கல்லில் சேற்றை வைத்துவிட்டு, காலைக் கழுவ அவள் வாய்க்கால் பக்கம் போனாள். நாற்றம் போகவில்லை, திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டாவது முறை திரும்பியபோது வன்னியபெருமாள் அந்தக் கல்லின் முன்னால் குந்தியிருந்தார். வெயிலும் காற்றும் பட்ட சேற்றின் விளிம்பு கறுப்பு விட்டுப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. நாற்றமும் பாதியாகியிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஜெப்ஸியின் சிவப்பு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து அந்த விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணனும் தம்பியும்.

"அந்தப் பிள்ளை நினைச்சது தப்பு, விஜிலா. மண்ணை மாத்தல. மண்ணு மாறியிருக்கு."

விஜிலாவுக்கு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. வராதபோதுதான் அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அப்படியானால் சிவப்பு மண் இந்தக் குளத்துடையதுதான், சோதனையும் உண்மைதான், கிணற்றில் இருநூற்று நாற்பது என்பதும் உண்மைதான், யாருமே பொய் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

யாரும் பொய் சொல்லாத இடத்தில்தான் பெரிய பொய் இருக்கும் என்று வன்னியபெருமாள் சொன்னார். கப்பலில் அவர் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றுதான். ஏற்றிய சரக்கு கிடங்கில் இல்லை என்றால் எங்கே இறங்கியது? முப்பது வருஷம் இந்தக் குளத்தில் ஏறிய சரக்கு இப்போது மண்ணில் இல்லை. மண் சுத்தமாக இருப்பது நல்ல செய்தி இல்லை. அதுதான் 'காணவில்லை' அறிவிப்பு.

குளத்தில் வாரிய கரம்பை எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கூட்ஸ் ரயிலின் இரண்டு பெட்டி நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கு, முருகேஸ்வரி வீட்டுக்குப் பின்னாலேயே கிடந்தது. அதன் அடியிலிருந்து கிணறு முப்பது காலடி தூரம்.

முருகேஸ்வரி அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தாள். விடியுமுன்னே போனால் உச்சி வெயிலில்தான் திரும்புவாள். காலில் உப்புக் கடித்த வெடிப்பு. பேச்சிலும் அதே உப்பு. கிணற்றின்மேல் தகரத்தைப் போட்டு மூடியதிலிருந்து ஊர்க்காரர்கள் தன்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை, ஏதோ தானே உள்ளே இறங்கி விஷம் கரைத்த மாதிரிப் பார்க்கிறார்கள் என்று பொரிந்தாள். குவியலைப் பற்றிக் கேட்டதற்கு ஆனி மாசம் கொட்டினது, அங்கனயே கிடக்கு, ஒருத்தனும் சீந்தலை, விவசாயிக்குக் கொடுக்கப்போறோம்னு சொன்னதோட சரி என்றாள்.

"வேற ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்கல. சில நாளு மழையே இருக்காது, ஆனா வேலை முடிஞ்சு வந்தா பொறவாசல் பூரா நசநசன்னு கிடக்கும். தூசி பறக்காம இருக்க லாரித் தண்ணி தெளிச்சிருப்பாவன்னு நினைச்சேன். நமக்கு அவ்வளவு மரியாதை குடுக்காவளேன்னு சந்தோசமாக்கூட இருந்துச்சு."

வன்னியபெருமாள் குவியலைச் சுற்றி வந்தார். ஏழு மாசக் குவியல், இரண்டு மழை கண்டது. அதன்மேல் கருவேலங்கன்று இடுப்பளவு நிற்க வேண்டும். நின்றதெல்லாம் விரல் உயரத்துக்குப் புல், அதுவும் ஒரே வயது. பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பு மாதிரி. பெரிய செடி ஒன்றுகூட இல்லை. குச்சியால் ஒரு இடத்தில் குத்திப் பெயர்த்தார். ஜெப்ஸியின் பையில் இருந்த அதே செங்கல் நிறத்து மண், சோதனைக்கு அள்ளியது இங்கேதான். அதற்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வரிகள். ஒன்றை நாக்கில் வைத்துத் துப்பினார். கிளிஞ்சல் சுண்ணாம்பு.

"நாத்தத்துக்குப் போட்டிருப்பாங்க," என்றாள் விஜிலா.

"எந்த நாத்தத்துக்கு? சிவந்த மண்ணுலதான் நாத்தமே இல்லையே. உள்வரைக்கும் வரி வரியா இருக்கு பாரு. காயவச்சு, நாத்தம் போன பொறவு, ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் சுண்ணாம்பு போட்டிருக்கான்."

அவர் ஜெப்ஸிக்குப் போன் போட்டுக் கேட்டார். பதில் கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. காற்றுப் பட்டுக் கரையும் யுரேனியத்தைச் சிவந்த மண் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஆனால் காற்றில் ஊறிய சுண்ணாம்பு சேர்ந்தால் அந்தப் பிடியும் விட்டுப்போகுமாம். யுரேனியம் அதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு தண்ணீரில் ஜோராகக் கிளம்பிவிடுமாம். இது எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டார். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குத் தெரியும் என்றாள்.

விஜிலா குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பூட்டன் காலத்தில் முத்துக் குளித்த குடும்பம். சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையைத் தவிர வேறு சொத்து வந்து சேரவில்லை.

"அண்ணாச்சி, முத்துச் சிப்பியை எப்படி உடைப்பாவன்னு நினைக்கீய? உடைக்கவே மாட்டாவ. வெயில்ல கொட்டி அழுக விடுவாவ. பொறவு தண்ணி விட்டு, புரட்டிப் புரட்டிக் கழுவி, தண்ணிய இறுத்துட்டு அடியில தேடுவாவ. முத்து அடியில கிடக்கும். இங்கனயும் அதே வேலைதான் நடந்திருக்கு. ஒரே வித்தியாசம், இவன் அடியை நமக்குக் காட்டிட்டு, தண்ணியை ஒளிச்சு வச்சிருக்கான்."

வன்னியபெருமாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சம்பளத்தை உயர்த்தலாமா என்று யோசித்து, யோசனையைத் தள்ளிவைத்தார். குவியலின் அடியில் கசிந்து தேங்கிய குட்டையில் இரண்டாவது போத்தல். தகரத்தைத் தூக்கிக் கிணற்றில் மூன்றாவது.

இனி மிச்சம் ஒரே கேள்வி. புரட்டியது சங்கத்து ஜேசிபி, அது விஜயராஜ் சொல்லித்தான் நடந்திருக்கும். ஆனால் விஜயராஜ் யார்? பலசரக்கு மொத்த வியாபாரி. அவருக்கு யுரேனியமும் ஒன்று, பெருங்காயமும் ஒன்று. கழுவச் சொல்லிக்கொடுத்த ஆள் வேறு.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது ஆய்வகத்துக்குள் நுழைந்தார்கள். சிவப்பிரகாஷ் ஏசி அறையில், இஸ்திரி கலையாத சட்டையில், மிகுந்த வருத்தத்துடன் உட்கார்ந்திருந்தார். நல்ல பெண், எதிர்காலம் வீணாகிறதே என்ற வருத்தம். எதிரில் ஜெப்ஸி. அவள் முன்னால் கடிதமும், மூடி கழற்றிய பேனாவும். பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் விஜயராஜ். குளத்தின் சார்பாக வந்திருந்தார். குளத்துக்கு வாய் இல்லாத குறையை அவர் வாய் தீர்த்துவைத்தது. குளத்தை மீட்டதற்கு மூன்று சால்வை வாங்கியவன் நான், அதில் யுரேனியம் என்று எழுதினால் சால்வைக்கு என்ன மரியாதை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வன்னியபெருமாள் மூன்று போத்தல்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஜெப்ஸி தொட வேண்டாம், சிவப்பிரகாஷ் சாரே தன் கையால் மீட்டரில் போட்டுப் பார்க்கட்டும் என்றார்.

சிவப்பிரகாஷ் மீட்டர் பழுது என்றார்.

"போட்டுப் பாருங்க சார்," என்றார் விஜயராஜ். "நம்ம குளம் சுத்தம்னு இவங்களுக்கும் தெரியட்டும். காலைல நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

மறுக்க வழியில்லை. சிவப்பிரகாஷ் எழுந்து போனார். கறுப்புச் சேற்றுக்கு மேலே நின்ற குளத்து நீர் ஆறு. விஜயராஜ் கைதட்டாத குறை. கிணறு இருநூற்று நாற்பத்தைந்து. விஜயராஜ் ஜெப்ஸியை முறைத்தார். குவியல் அடிக் குட்டையைப் பார்த்த சிவப்பிரகாஷ் எண்ணைச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்த விஜிலாதான் சொன்னாள். தொள்ளாயிரத்துப் பத்து.

வன்னியபெருமாள் மூன்று எண்களையும் குறித்துக்கொண்டார். விஜயராஜைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார். தூர் வாரியது நல்ல காரியந்தான். ஆனால் அள்ளிக் கொட்டிவிட்டு ஏழு மாசம் எட்டிப் பார்க்காமல் விட்டதால் மண் கெட்டுப்போனது, சங்கத்தின் அக்கறையின்மைதான் காரணம் என்று தன் அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார்.

"அநாதையா விட்ட குவியல்னுதான் எழுதணும்," என்று விஜிலா எடுத்துக்கொடுத்தாள். "முருகேஸ்வரி அக்காகூடச் சொன்னாவ, ஒருத்தனும் சீந்தலைன்னு."

விஜயராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாருளா சீந்தலை? எந்த ஊர்லயாவது கரம்பையை இந்த மாதிரிப் பராமரிச்சிருக்கானா? வாரா வாரம் சனிக்கிழமை ஜேசிபி விட்டுப் புரட்டி, சுண்ணாம்பு தூவி, ரெண்டு லாரித் தண்ணி விட்டு, மறுபடி காயவச்சு. நானா இஷ்டத்துக்குச் செய்யலை. விஞ்ஞான முறை. மண்ணைப் பதப்படுத்துற முறை. சார் கைப்பட எழுதிக் குடுத்தது. சார், நீங்களே சொல்லுங்க."

சார் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரின் மௌனத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட விஜயராஜ் தன் கைப்பையைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து மேசைமேல் போட்டார். புரட்டும் நாள், சுண்ணாம்பின் அளவு, தண்ணீரின் அளவு, எல்லாம் சிவப்பிரகாஷின் அழகான கையெழுத்தில். கீழே தேதி. விஞ்ஞானி எழுதியது அழிந்துவிடக் கூடாதே என்று தாளை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

வன்னியபெருமாள் அதை எடுத்து, துடைத்து, விஜிலாவிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். பிறகு அவர் மெதுவாக, சிவப்பிரகாஷுக்கு மட்டும் சொல்கிறவர் போலச் சொன்னார். தொழிற்சாலையை மூடுகிறார்கள். நிலத்தையும் குளத்தையும் கன்டெய்னர் யார்டுக்குக் கைமாற்ற வேண்டும். குளத்து மண் சுத்தம் என்று சான்று இல்லாமல் வாங்குகிறவன் வாங்க மாட்டான். சேறு சேறாகவே கிடந்தால் அது யுரேனியத்தை விடாது, சோதனையில் தேறாது. ஆகவே தோண்டி, காற்றில் போட்டு, சுண்ணாம்பு கொடுத்து, கழுவி அனுப்பியாயிற்று. அதைச் செய்ய ஆசைப்படுகிற தலைவரையும் கண்டுபிடித்தாயிற்று. கிணற்றைச் சோதிக்கிற பெண் மட்டும் கணக்கில் வரவில்லை.

சிவப்பிரகாஷ் குரல் உயர்த்தவில்லை. அவர் உயர்த்துகிற ஆளும் இல்லை.

"கிணத்துக்குப் போகணும்னு நினைக்கலை. வாய்க்கால் வழியா கடலுக்குப் போயிரும்னுதான் கணக்குப் போட்டேன்."

"கடல்ல யாரும் குடியில்லைன்னு சாருக்கு நினைப்பு," என்றாள் விஜிலா. அதை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

விஜயராஜுக்கு இப்போதுதான் பாதி புரிந்தது. பாதி புரிந்தவுடனேயே காரியத்தில் இறங்குகிறவர் அவர். போனை எடுத்தார். குளத்தில் மிச்சமிருக்கிற அந்தக் கறுப்பு மூலையையும் நாளைக்கே வாரி, எங்காவது கண்காணாமல் கொட்டிவிடுகிறேன், செலவு என்னுடையது என்றார்.

"தொடாதீங்க." முதல் முறையாக ஜெப்ஸியின் குரல் அறையை நிறைத்தது. "முப்பது வருஷமா அந்தச் சேறுதான் அதைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அது அங்கனயே உக்காந்திருக்கட்டும். அந்த மூலை காயாம தண்ணி நிக்கிறதைப் பாத்துக்கிட்டா போதும். குவியலுக்கு இன்னைக்கே தார்ப்பாய் போடணும்."

"ஒண்ணுமே செய்யக் கூடாதுங்கியா?"

"குளத்துல ஒண்ணுமே செய்யக் கூடாது."

விஜயராஜின் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. யுரேனியத்தைப் பற்றிக் கேட்டபோதுகூட வராத வேதனை.

"சும்மா இருக்கிறதுக்கும் ஒரு சங்கம் ஆரம்பிங்க அண்ணாச்சி," என்றாள் விஜிலா. "நீங்கதான் தலைவர்."

சிவப்பிரகாஷ் கையை நீட்டி, ஜெப்ஸிக்கு முன்னால் இருந்த கடிதத்தைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இழுத்த கையாலேயே வக்கீலுக்குப் போன் செய்தார். உன் அறிக்கையை அப்படியே வெளியிடுகிறேன், ஆனால் நாளையிலிருந்து நீ இங்கே வர வேண்டாம் என்று போனைக் காதில் வைத்தபடியே அவளிடம் சொன்னார். ஜெப்ஸி தலையாட்டினாள். அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள் போல. மேசை இழுப்பறையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

அப்போதுதான் விஜயராஜுக்கு மீதிப் பாதியும் புரிந்தது. எழுந்து நின்ற மனிதர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு சொன்னார். கிணற்றை மூடிய நாளிலிருந்து, ஊர் பயப்படக் கூடாது என்று, தினமும் காலையில் தகரத்தைத் தூக்கி இரண்டு சொம்பு மொண்டு எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டியிருக்கிறார். வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். மூடுவதற்கு முன்னால் ஆறு மாசம் அவர் வீட்டுக் குழாயிலும் வந்தது அதே தண்ணீர்தான். நேற்று இரவுகூடச் சாரிடம் போனில் கேட்டாராம், குடிக்கலாமா என்று. தாராளமாகக் குடியுங்கள் என்றாராம் சார்.

சிவப்பிரகாஷின் போனில் வக்கீல் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

"அம்மாடி," என்றார் விஜயராஜ். அரை மணிக்கு முன்னால் போலீசில் பிடித்துக் கொடுக்க வந்த பெண்ணிடம் பேசுகிற குரல் இல்லை அது. "இருநூத்தி நாப்பதுன்னா, ஒரு சொம்புக்கு எவ்வளவு வரும்?"

ஜெப்ஸி வாசல்வரை போயிருந்தாள். திரும்பி வந்தாள். பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி எடுத்தாள். நாற்காலியை அவர் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பயப்பட வேண்டாம், நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும், அதற்கு முன் சில விவரம் எழுதிக்கொடுக்கிறேன், வீட்டில் எத்தனை பேர் குடித்தார்களோ அத்தனை பேருக்கும் எழுத வேண்டும் என்றாள்.

"பேரு விஜயராஜ். வயசு?"

"நாப்பத்தெட்டு."

விஜிலா கதவில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அது சால்வைக்குச் சொல்லுத வயசு. கிட்னிக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

விஜயராஜ் சிவப்பிரகாஷைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். கடைசியில் ஜெப்ஸியின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"அம்பத்தாறு," என்றார்.

ஜெப்ஸி எழுதிக்கொண்டாள்.